எரிச்சல் எங்கே போனது? மனச்சோர்வின் வரையறையிலிருந்து விழுந்த ஒரு வார்த்தை

இந்த எபிசோடை ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். இதுல பாதி வரலாறு, மீதி என் வீட்டுக் கதை. வீட்டுக் கதையை முதல்லயே சொல்லிடறேன். அப்பதான் இந்த வரலாற்றை நான் ஏன் தோண்ட ஆரம்பிச்சேன்னு புரியும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆறேழு மாசம் நான் வீட்டுல மனுஷன் மாதிரி நடந்துக்கலை. ஆபீஸ்ல நல்லாத்தான் இருந்தேன். மீட்டிங்ல சிரிச்சுப் பேசுவேன், ஜூனியர் பையனோட கோடை பொறுமையா ரிவ்யூ பண்ணுவேன். லேப்டாப்பை மூடினதும் வேற ஆள். காபி ஆறிடுச்சுன்னு கத்துவேன். மிக்ஸி சத்தம் கேட்டா கத்துவேன். "சாப்பிட வர்றியாப்பா?"ன்னு கேட்டதுக்கு எரிஞ்சு விழுவேன். அம்மா என் ரூம் கதவைத் தட்டறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெளியவே நிப்பாங்க. கதவுக்குக் கீழே அவங்க காலோட நிழல் தெரியும். அந்த நிழலைப் பார்த்தும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நண்பன் ஒருத்தன் வற்புறுத்தி ஒரு கிளினிக்குக்கு அனுப்பினான். அங்கே ஒரு தாளைக் கொடுத்தாங்க. பி.எச்.க்யூ-9 என்று அதற்குப் பெயர். ஒன்பது கேள்விகள். எதிலும் ஆர்வம் இல்லையா, சோர்வா இருக்கா, தூக்கம் எப்படி, பசி எப்படி, உங்களை நீங்களே மட்டமா நினைக்கிறீங்களா, கவனம் சிதறுதா, உயிரை விடத் தோணுதா, இப்படி. ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. எனக்கு வந்தது ரொம்பக் கம்மி. "வேலை டென்ஷன்தான் தம்பி, நாலு நாள் லீவு போட்டு எங்கயாவது போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

பைக்கை எடுக்கும்போதுதான் உறைச்சது. எனக்கு இருந்த ஒரே பிரச்சினை எரிச்சல். ஒன்பது கேள்விகள்ல ஒண்ணுகூட எரிச்சலைப் பத்தி இல்லை.

ஒரு புரோகிராம்ல இருக்க வேண்டிய வரி இல்லைன்னா நாங்க முதல்ல பார்க்கிறது பழைய பதிப்புகளைத்தான். எப்ப இருந்தது, எப்பக் காணாமப் போச்சு, எந்தப் பதிப்புல? அதையேதான் இங்கயும் செஞ்சேன்.

ரொம்பப் பழைய பதிப்புல இருந்து வருவோம். மெலன்கோலியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பொருள் கருப்புப் பித்தம். துக்கம் கருப்புப் பித்தத்தால் வருவது, முன்கோபம் மஞ்சள் பித்தத்தால் வருவது என்று கிரேக்க வைத்திய மரபு நினைத்தது. ரெண்டும் பித்தம்தான், நிறம்தான் வேற. நம்ம தமிழ்லயும் பித்தம்னா உடம்புல ஊறுறது, பித்துன்னா மனசு பிசகுறது. உடற்கூறா பார்த்தா இதெல்லாம் தப்பு. ஆனா சோகமும் சிடுசிடுப்பும் பக்கத்து வீட்டுக்காரங்க என்கிற கவனிப்பு தப்பில்லை.

நவீன மனநல மருத்துவத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்கள்ல ஒருத்தர் ஜெர்மானியரான எமில் கிரெப்பலின். 1899-ல் வந்த தன்னுடைய பாடநூலின் ஆறாம் பதிப்பில் மேனியாவையும் மெலன்கோலியாவையும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்று சேர்த்துவிட்டார். அதே வருடம் அவருடைய உதவியாளராக இருந்த வில்ஹெல்ம் வெய்கான்ட் 'கலப்பு நிலைகள்' பற்றித் தனி நூலே எழுதினார். இதை நான் மூணு ஸ்லைடரா கற்பனை பண்ணிக்குவேன். மனநிலை ஒண்ணு, எண்ண ஓட்டம் ஒண்ணு, உடம்போட வேகம் ஒண்ணு. சோர்வுன்னா மூணும் கீழே இருக்கும், மேனியான்னா மூணும் மேலே. ஆனா எல்லாருக்கும் மூணும் சேர்ந்தே நகரணும்னு கட்டாயம் இல்லை. மனநிலை தரையில கிடக்கும்போதே உடம்புல மோட்டார் முழு வேகத்துல ஓடலாம். அந்த மாதிரி ஆள் படுத்து அழமாட்டார், பக்கத்துல இருக்கிறவங்க மேல பாய்வார். கிரெப்பலின் பின்னாளில் இந்த நோய்க்கு அடித்தளமாக நாலு வகை சுபாவங்களைச் சொன்னார். சோர்வு சுபாவம், மேனிய சுபாவம், ஏறியிறங்கும் சுபாவம், நாலாவதாக எரிச்சல் சுபாவம். ஆக, அப்போது எரிச்சலுக்குத் தனி இருக்கையே இருந்தது.

அடுத்து ஃப்ராய்ட் வருகிறார். 1917-ல் வெளியான 'துக்கமும் மெலன்கோலியாவும்' கட்டுரையில் அவர் சொன்னதன் சாரம் இதுதான். இழந்துபோன ஒருவர் மேல் இருக்கிற கோபம், வெளியே போக வழியில்லாமல், தன் மேலேயே திரும்பிவிடுகிறது. மெலன்கோலியாக்காரர் தன்னைத் தானே திட்டிக்கொள்வது உண்மையில் இன்னொருவரைத் திட்டுவதுதான். அழகான தியரி. அழகா இருந்ததாலேயே பல பத்தாண்டுகள் நின்றுவிட்டது. 'மனச்சோர்வு என்பது உள்ளே திரும்பிய கோபம்' என்பது மனப்பாடச் செய்யுள் மாதிரி ஆகிவிட்டது. அதில் ஒரு துணைக் கணக்கும் ஒளிந்திருக்கு. கோபம் உள்ளே போயிடுச்சுன்னா வெளியே இருக்கக் கூடாது. அப்போ வெளியே கத்துற ஆளுக்கு மனச்சோர்வு இருக்காது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களைப் பற்றித்தான் இந்த எபிசோட்ல நான் அதிகம் பேச ஆசைப்படறேன்.

இடம் அமெரிக்காவின் நியூ ஹேவன், யேல் பல்கலைக்கழகம். காலம் 1960-களின் கடைசி. மிர்னா வைஸ்மன் என்ற பெண், ஜெரால்ட் கிளெர்மன், யூஜின் பேக்கெல் ஆகிய இரண்டு மனநல மருத்துவர்களோடு வேலை செய்கிறார். வைஸ்மன் டாக்டர் இல்லை. சமூகப் பணியில் பட்டம் வாங்கியவர். இது முக்கியம்னு எனக்குத் தோணுது. டாக்டர் நோயாளியைத் தன் அறையில பார்ப்பார். சமூகப் பணியாளர் கேட்கிறதே வேற. வீட்டுல யாரு சமைக்கிறாங்க, குழந்தைங்க கூட எப்படி, புருஷன் கூட எப்படி, மாமியார் வீட்டுக்குப் போக்குவரத்து இருக்கா என்பதெல்லாம்தான் அவங்க பாடமே.

மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த 40 பெண்கள். அவர்களோடு ஒப்பிட, சோர்வு இல்லாத 40 பெண்கள். அவர்கள் அன்றாட வாழ்க்கையில் ஒவ்வொரு உறவிலும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று விரிவாகக் கேட்டார்கள். 1971-ல் கோபத்தைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை, 1974-ல் வைஸ்மனும் பேக்கெலும் சேர்ந்து எழுதிய 'தி டிப்ரஸ்டு வுமன்' என்ற முழுப் புத்தகம்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பெண்கள் சாதுவாக இருந்தார்கள். கேட்டதற்குப் பதில், ஒத்துழைப்பு, கோபத்தின் சுவடே பெரிதாக இல்லை. அந்த அறையை மட்டும் பார்த்தால் ஃப்ராய்ட் சொன்னது சரிதான், கோபம் முழுக்க உள்ளே போய்விட்டது என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் வீட்டுக் கணக்கை எடுத்தபோது படம் தலைகீழ். சோர்வு இல்லாத பெண்களைவிட இவர்கள் வீட்டில் அதிகமாகச் சண்டை போட்டார்கள், அதிகமாக எரிந்து விழுந்தார்கள். உறவு நெருங்க நெருங்கக் கோபம் கூடியது. தூரத்துப் பழக்கக்காரர்களிடம் குறைவு, கணவனிடம் அதிகம், எல்லாவற்றிலும் அதிகம் பெற்ற பிள்ளைகளிடம்.

இதைப் படிச்சப்போ லேப்டாப்பை மூடி வச்சிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். ஆபீஸ்ல சிரிச்ச முகம், அம்மாகிட்ட மட்டும் கத்தல். என் சுபாவத்துல ஏதோ தனிப்பட்ட அயோக்கியத்தனம்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தது, நான் பிறக்கறதுக்கு முன்னாடியே ஒரு ஆய்வுக் கட்டுரையில பதிவாகியிருந்தது.

ஒண்ணு சொல்லிடறேன், இதைத் தப்பா எடுத்துக்க வேண்டாம். கோபத்துக்குக் காரணம் நோய்னு தெரிஞ்சா சிகிச்சைக்கு வழி பிறக்கும். அதுக்காக வீட்டுல இருக்கிறவங்க அதைத் தாங்கிக்கிட்டே கிடக்கணும்னு ஆகாது. கை நீட்டுறதுக்கு இது சாக்கும் இல்லை. அந்தப் பெண்களின் பிள்ளைகளை வைஸ்மன் மறக்கலைங்கிறதும் இங்க சொல்லணும். பெற்றோரின் சோர்வு பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை அவர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்.

சரி, வரையறைகளுக்கு வருவோம். 1972-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் ஃபெய்னர் முதலானோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனநோய்களை டாக்டருடைய ஊகத்துக்கு விடாமல், இத்தனை அறிகுறி இருந்தால் இந்த நோய் என்று செக்லிஸ்ட் போட்ட கட்டுரை. அதில் மனச்சோர்வின் முதல் நிபந்தனையான துன்ப மனநிலைக்கு ஒரு சொற்பட்டியல் உண்டு. சோகம், நம்பிக்கையின்மை, பயம், கவலை. அதே வரியில் எரிச்சலும் இருக்கு.

அந்தச் செக்லிஸ்ட் பாணியை முழு அமெரிக்காவுக்கும், பிறகு உலகத்துக்கும் கொண்டுபோனது 1980-ல் வந்த டி.எஸ்.எம்.-3. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு. அதைத் தலைமை தாங்கிச் செய்தவர் ராபர்ட் ஸ்பிட்சர். இந்தப் பெயரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார். டி.எஸ்.எம்.-3-லும் மனச்சோர்வின் மனநிலைப் பட்டியலில் எரிச்சல் இருக்கு. மேனியாவின் வரையறையிலும் இருக்கு. மிதமிஞ்சிய உற்சாகம் அல்லது எரிச்சல், இரண்டில் எதுவானாலும் சரி.

ஏழு வருடம் கழித்து, 1987-ல், அதே ஸ்பிட்சர் தலைமையில் திருத்தப் பதிப்பு வந்தது. டி.எஸ்.எம்.-3-ஆர். இரண்டு பதிப்பையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். மனச்சோர்வின் அந்தப் பட்டியல் போயிடுச்சு. 'சோர்ந்த மனநிலை' மட்டும். ஒரு அடைப்புக்குறிக்குள்ள, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் எரிச்சலாகவும் இருக்கலாம்னு ஒரு விதிவிலக்கு. அதாவது 17 வயசுல எரிச்சல் மனச்சோர்வின் அறிகுறி. பெரியவன் ஆனதும் இல்லை. மேனியாவில் மட்டும் எரிச்சல் வயசு வித்தியாசம் இல்லாம அப்படியே இருந்தது.

பின்னாடி 1994-ல் வந்த டி.எஸ்.எம்.-4-ஐப் பார்த்தால், மனச்சோர்வுள்ள பலரிடம் எரிச்சல் கூடுதலாகக் காணப்படும், சின்ன விஷயத்துக்கும் வெடிப்பார்கள் என்று விளக்கப் பகுதியில் எழுதியிருக்கிறார்கள். அளவுகோலில் இல்லை. எங்க பாஷையில சொன்னா, கோடுல இருந்ததை கமென்ட்டுக்கு மாத்திட்டாங்க. படிக்கிறவங்க கண்ணுக்குத் தெரியும், ஆனா அது ஓடாது.

இதை ஒரு சதி மாதிரி பேசறது சுலபம். எனக்கு அப்படித் தோணலை. எரிச்சல் என்பது காய்ச்சல் மாதிரி. டைபாய்டுக்கும் காய்ச்சல், டெங்குவுக்கும் காய்ச்சல், சளிக்கும் காய்ச்சல். மேனியா, பதற்றக் கோளாறு, மூளைக் காயம், தைராய்டு, தூக்கமின்மை, ஏன், வெறும் பசிக்கும்கூட எரிச்சல் வரும். எல்லா இடத்துலயும் வர்ற அறிகுறி எந்த நோய்னு பிரிச்சுச் சொல்ல உதவாது. வரையறை கூர்மையா இருக்கணும்னா அதைத் தூக்கிடலாம்னு வாதம் வைக்கலாம். அந்தத் திருத்தம் ரிவ்யூவுக்கு என்கிட்ட வந்திருந்தா நானும் அப்ரூவ் பண்ணியிருப்பேன்னுதான் நினைக்கிறேன்.

ஆனா ஒரு வரியை எடுத்தா வேற எங்கயோ உடையும். முதல்ல உடைஞ்சது குழந்தைகள் பக்கம்.

எப்பவும் சிடுசிடுன்னு இருக்கிற, வாரத்துல பல தடவை வெடிக்கிற குழந்தையை எந்தப் பெட்டியில போடறது? மேனியாவின் பெட்டியில எரிச்சல்னு லேபிள் இருக்கு. 1990-களின் நடுவில், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜோசப் பீடர்மன், ஜேனட் வோஸ்னியாக் முதலானோர், குழந்தைகளிடம் மேனியா பெரியவர்களைப் போல வந்து போகும் உற்சாகமாக இல்லாமல் ஓயாத கடும் எரிச்சலாகத் தெரியலாம் என்று எழுதினார்கள். கருத்து தீயாகப் பரவியது. 2002 ஆகஸ்டில் டைம் பத்திரிகை இளம் வயது பைபோலாரை அட்டைப்படக் கட்டுரையாகப் போட்டது. பிறகு 2007-ல் ஒரு கணக்கு வந்தது. அமெரிக்காவில் 20 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் பைபோலார் என்று பதிவான டாக்டர் சந்திப்புகள், 1994-95-ல் ஒரு லட்சம் பேருக்கு 25. 2002-03-ல் 1,003. எட்டே வருஷத்துல 40 மடங்கு. எந்த நோயும் அப்படிப் பரவாது. லேபிள்தான் பரவும்.

லேபிள் மாறினா மருந்தும் மாறும், அதுதான் வயித்தைக் கலக்குற விஷயம். பைபோலார்னு எழுதினா ஆன்டிசைக்காடிக் மருந்துகள் வரும். எடை ஏறும், சர்க்கரை ஏறும். மனச்சோர்வு, பதற்றம்னு எழுதினா அந்தப் பாதையே வேற.

இந்தக் குழந்தைகள் உண்மையில் யார் என்று பார்க்கக் கிளம்பியவர் எலன் லீபன்லுஃப்ட், அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர். 2003-ல் அவர் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார். தெளிவாகத் தொடங்கி முடிகிற மேனியா தவணைகள் உள்ளவர்கள் ஒரு பக்கம், தவணையே இல்லாமல் வருஷம் முழுக்க எரிச்சலாக இருப்பவர்கள் இன்னொரு பக்கம். அவருடைய குழு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு வச்சிருந்தாங்க. குழந்தை சரியாகவே பட்டனை அழுத்தும், ஆனா 'லேட்டா அழுத்திட்டே, காசு போச்சு'ன்னு கம்ப்யூட்டர் வேணும்னே பொய் சொல்லும். பாவம்தான், ஆனா கெட்டிக்கார யோசனை. அந்த ஏமாற்றத்தில் இரண்டு கூட்டத்தின் மூளையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை.

இதைவிடப் பெரிய சாட்சி காலம். நியூயார்க் மாநிலத்தில் சின்ன வயதிலிருந்தே பின்தொடரப்பட்ட 631 பேரின் தகவல்களை ஆர்கிரிஸ் ஸ்ட்ரிங்காரிஸ், லீபன்லுஃப்ட் உள்ளிட்டோர் 2009-ல் வெளியிட்டார்கள். சுமார் 14 வயதில் அதிக எரிச்சலோடு இருந்தவர்கள் 33 வயதில் என்ன ஆனார்கள்? பைபோலார் ஆகவில்லை. அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது மனச்சோர்வும் பதற்றக் கோளாறும்.

அதன் பலன், 2013-ல் வந்த டி.எஸ்.எம்.-5-ல் ஒரு புதுப் பெயர், டி.எம்.டி.டி. வாரத்துக்கு மூன்று தடவையாவது வெடிப்பு, நடுவிலும் தீராத எரிச்சல், 12 மாதத்துக்கு மேல். இந்தப் பெட்டியை வைத்த இடம்தான் சுவாரஸ்யம். பைபோலார் அத்தியாயத்தில் வைக்கவில்லை, மனச்சோர்வுக் கோளாறுகளின் அத்தியாயத்தில் வைத்தார்கள். குழந்தையின் அடம்பிடிப்பையே நோயாக்குகிறீர்கள் என்று டி.எஸ்.எம்.-4-க்குத் தலைமை தாங்கிய ஆலன் ஃபிரான்சஸே சத்தம் போட்டார். உலக சுகாதார நிறுவனமும் இந்தப் பெயரை ஏற்கவில்லை. 2022-ல் நடைமுறைக்கு வந்த அதன் ஐ.சி.டி.-11, நாள்பட்ட எரிச்சலை எதிர்ப்பு நடத்தைக் கோளாறின் ஒரு வகையாகக் குறித்துக்கொண்டது. ஆக ஒரே குழந்தை, அமெரிக்கக் கையேட்டில் சோர்வு, ஜெனீவா கையேட்டில் நடத்தை.

பெரியவர்களுக்கு வருவோம். அதே 2013-ல், லூயிஸ் ஜட் தலைமையில், மேனியா இல்லாத மனச்சோர்வு உள்ள 536 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு வந்தது. அவர்களில் பாதிக்கும் மேல், 54.5 சதவீதம் பேருக்கு, வெளிப்படையான எரிச்சலோ கோபமோ இருந்தது. அப்படி இருந்தவர்களின் சோர்வு மற்றவர்களுடையதைவிடக் கடுமையாகவும் நீண்டதாகவும் இருந்தது. டி.எஸ்.எம்.-5-ல் பெரியவர்களின் மனச்சோர்வு அளவுகோலில் எரிச்சல் இன்னும் இல்லை.

இப்ப என் கையில கொடுத்த தாளுக்கு வருவோம். பி.எச்.க்யூ-9, 2001-ல் வெளியானது. டி.எஸ்.எம்.-ன் ஒன்பது அறிகுறிகளை அப்படியே ஒன்பது கேள்வியாக்கினது. உருவாக்கினவங்க குர்ட் க்ரோன்கே, ஜேனட் வில்லியம்ஸ், அப்புறம், ஆமாம், ராபர்ட் ஸ்பிட்சர். அளவுகோல்ல இல்லாதது கேள்வியிலயும் இல்லை. 1987-ல் போன வரி, என் தாளுக்கு வந்து சேரவே இல்லை. அதே ஸ்பிட்சர் குழு 2006-ல் பதற்றத்துக்கு ஏழு கேள்விகளோட ஜி.ஏ.டி.-7 என்று இன்னொரு தாள் செஞ்சாங்க. அதுல ஆறாவது கேள்வி, சுலபமா எரிச்சல் வருதா என்பதுதான். அன்னைக்கு அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்திருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம்.

எல்லாத்தையும் படிச்சிட்டு வேற ஒரு மனநல மருத்துவர்கிட்ட போனேன். அம்மா கூட வந்தே தீருவேன்னு வந்து வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்க. நான் வழக்கம்போல டாக்டர் முன்னாடி நல்ல பிள்ளை. பணிவாப் பேசினேன், நியூ ஹேவன் பெண்கள் மாதிரியே. அந்த டாக்டரம்மா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "வீட்டுல யார் கூட இருக்கீங்க? அவங்க யாராவது வந்திருக்காங்களா?"ன்னாங்க.

அம்மாவைக் கூப்பிட்டாங்க. என்னை வெளியே அனுப்பலை. "வீட்டுல தம்பி எப்படிம்மா?"

"தங்கமான பையன் டாக்டர். ஒரு குறையும் இல்லை."

டாக்டர் ஒண்ணும் சொல்லலை, காத்திருந்தாங்க. அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கிட்டே தரையைப் பார்த்தாங்க.

"இப்பல்லாம் குக்கர் வைக்கிறதில்லை. சாதம் வடிச்சுடறேன். விசில் சத்தம் இவனுக்கு ஆகலை."

நாலு மாசமா வடிச்ச சாதம் சாப்பிட்டிருக்கேன். கவனிக்கவே இல்லை. டாக்டர் அதை எழுதிக்கிட்டாங்க.

இன்னைக்கு இவ்வளவுதான் நண்பர்களே. யாருக்காவது பேசணும்னா, அரசாங்கத்தோட டெலி-மானஸ் உதவி எண் 14416, தமிழ்லயே பேசலாம். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.